முன் சீட்டுக்கு அடியில்

ஜூன் 8, ஞாயிறு

வாண்டுவின் அம்மாவுக்கு,

போனில் பேச வேண்டாம், பேசினால் சண்டைதான் வரும், எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று உன் வக்கீலும் என் வக்கீலும் சேர்ந்து சொல்லிவிட்டதால் இந்தக் கடிதம். வாண்டுவின் பையில், பென்சில் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அப்பா வீட்டில் என்ன நடந்தது என்று அவளைத் துளைத்து எடுக்காதே. சாப்பிட்டாள், தூங்கினாள், பல் தேய்த்தாள். போதுமா?

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதக் கடைசி ஞாயிறு கார் சவுண்டுப் போட்டி. போன வருஷம் நான் கோப்பை வாங்கிய அதே மைதானம். புது ஆம்ப்ளிஃபையர் வாங்கியிருக்கிறேன். பழையதைத் தூக்கியது போல ஒரு கையால் தூக்க முடியாது. பழையதை நீ வண்டியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டதைப் பற்றி நான் இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை. அதை வக்கீல் எழுதுவார். எனக்கு வேண்டியது அந்தப் பலகை மட்டும். பின் சீட்டின் முதுகில், டிக்கிப் பக்கமாக ஒரு ப்ளைவுட் பலகை பொருத்தியிருந்தாயே, கறுப்புத் துணி ஒட்டியது, அது. இந்த வண்டிக்கென்று அளவெடுத்து வெட்டியது. வேறு எந்த வண்டிக்கும் அது உதவாது. சனிக்கிழமை வாண்டுவை அழைக்க வரும்போது உன் கார் ஆடியோ கடை வாசலில் சாத்தி வைத்துவிடு, எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளே வரமாட்டேன். நான் முடுக்கிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கழற்றி, நீ மறுபடி முடுக்கிய கடை அது. அதுவும் வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அந்தப் படியை இன்னொரு முறை மிதிக்க எனக்கு என்ன தலையெழுத்து?

பலகை போதும். அறிவுரை வேண்டாம்.

வாண்டுவின் அப்பா


ஜூன் 13, வெள்ளி

வாண்டுவின் அப்பாவுக்கு,

பலகை இல்லை. நீங்கள் வீட்டை விட்டுப் போன வாரமே அதை நான்கு துண்டாக அறுத்துவிட்டேன். ஒரு துண்டு கடைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது. இன்னொன்றில் வாண்டு பச்சை நிறத்தில் ஒரு யானை வரைந்திருக்கிறாள். மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. அறுக்கும்போது மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்ல எனக்கு வராது.

அறிவுரை வேண்டாம் என்றீர்கள். அதனால் தருகிறேன். "அவளுக்கு ஸ்க்ரூ முடுக்கத் தெரியும், சவுண்டு தெரியாது" என்று என்னைப் பற்றிப் போன வருஷம் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னவர் நீங்கள்தானே. ஆம்ப்ளிஃபையரை எங்கே மாட்டுவது என்பது ஸ்க்ரூ சமாசாரம். ஆகவே நான் பேசலாம்.

அது சூடாகிற பெட்டி. காற்று ஓட அதைச் சுற்றிலும் கை நுழைகிற அளவு இடம் வேண்டும். வூஃபர் பெட்டியின் மேலே வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், வைக்காதீர்கள். ஓயாமல் அதிர்ந்து உள்ளே ஈயம் வைத்துப் பற்றவைத்ததெல்லாம் விட்டுப்போகும். பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டின் அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சூடு மேலே போக வழியில்லாமல் அதன் வயிற்றுக்குள்ளேயே திரும்பும். ஸ்டெப்னி கிடக்கிற குழியில் தண்ணீர் இறங்கும். பானெட்டுக்குள் வைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். முன் சீட்டுக்கு அடியில் மட்டும் கூடவே கூடாது. சில வண்டிகளில் அங்கே தாராளமாக இடம் இருக்கும். உங்கள் வண்டியில் சீட் நகரும் இரும்புத் தடம் தரையோடு ஒட்டிக்கிடக்கிறது, கம்பளமும் தடிமன்.

டிக்கியில், பின் சீட் முதுகில், புதிதாக ஒரு பலகை அடித்து அதில் மாட்டுங்கள். எங்கே துளை போட்டாலும் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பாட்டரியிலிருந்து வருகிற வயருக்கு ஃபியூஸ் பாட்டரியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கேட்டால் கேளுங்கள்.

வாண்டுவின் அம்மா


ஜூன் 15, ஞாயிறு

வாண்டுவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை டெசிபலிடம் காட்டினேன். உனக்கு அவனைப் பிடிக்காது என்று தெரியும். போன வருஷம் போட்டியில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரே ஆள் அவன், ஆகவே எனக்குப் பிடிக்கும். படித்துவிட்டு, "இவ்வளவு அக்கறையா எழுதியிருக்காங்கன்னா இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு" என்றான். எனக்கும் அதே எண்ணம்தான்.

எந்தக் காலத்தில் நீ எனக்கு நல்லது சொல்லியிருக்கிறாய்? பலகையை அறுத்துப் போட்டதைப் பெருமையாக எழுதுகிற ஒருத்தி, அடுத்த பத்தியிலேயே என் ஆம்ப்ளிஃபையருக்குக் காற்று வேண்டும் என்று உருகுவாளா? என் காதில் பூ சுற்ற வேறு ஆளைப் பார். டிக்கி, டிக்கி என்று நீ அடித்துக்கொள்வதைப் பார்த்தால், டிக்கியில் வைத்து நான் தோற்க வேண்டும் என்றுதான் படுகிறது. அத்தனை தூரம் வயர் இழுத்தால் பாதி பலம் வழியிலேயே போய்விடும் என்கிறான் டெசிபல். பூட்டை உடைக்கிறவனும் முதலில் டிக்கியைத்தான் உடைப்பான்.

இத்தனை இடங்களைச் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் 'கூடவே கூடாது' என்று எழுதியிருந்தாய். அப்போதே பிடிபட்டுவிட்டது. நேற்றே மாட்டிவிட்டோம். முன் சீட்டுக்கு அடியில், டிரைவருக்கு இடதுபுறம். வயர் கொஞ்சம்தான் செலவானது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஃபியூஸையும் ஆம்ப்ளிஃபையரின் பக்கத்திலேயே வைத்துவிட்டோம், போனால் குனிந்து மாற்றிக்கொள்ளலாம் பார். அடிக்கொரு முறை பானெட்டைத் திறக்க வேண்டியதில்லை.

முதல் பாட்டிலேயே சீட் நடுங்கியது. என் கையால் மாட்டியது. யாரும் பின்னால் வந்து கழற்றி மறுபடி முடுக்கவில்லை.

வாண்டுவின் அப்பா


ஜூன் 20, வெள்ளி

வாண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்து, ஒரு வண்டியின் கதவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் படித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். வண்டிக்காரர் என்னவென்று கேட்டார். என் வீட்டுக்காரர் நான் வேண்டாம் என்ற இடமாகப் பார்த்து ஆம்ப்ளிஃபையர் மாட்டியிருக்கிறார் என்றேன். அவர் தன் வண்டியை ஒரு முறை கவலையோடு பார்த்துக்கொண்டார்.

உங்களை எனக்கு உங்கள் சட்டைப் பையைப் போலத் தெரியும். ஆகவே இப்போதும் சொல்கிறேன்: கழற்றி டிக்கியில் மாட்டுங்கள். இன்னும் நேரம் இருக்கிறது. அங்கே காற்று வராது, சூடு ஏறும். ஒரு அளவுக்கு மேல் சூடானால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அதற்காகவே உள்ளே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் இரண்டு பாட்டுப் போட்டுப் பார்த்தால் தெரியாது. வெயிலில் நின்று, நடுவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரியும்.

அந்த நொடிக்காக நான் டிக்கெட் வாங்கியிருக்கிறேன். முன் வரிசை.

போன வருஷம் எனக்கு உட்கார இடமில்லை, ஞாபகமிருக்கிறதா? மேடைக்குப் பக்கத்தில் ஏப்ரனோடு நின்றுகொண்டிருந்தேன். ஏப்ரன் பையில் வயர் வெட்டும் கத்தரி. அதற்கு முந்தின வாரம் முழுக்க உங்கள் வண்டியின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து கழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் திரும்பவே முடியாமல் நின்றேன். நீங்கள் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சவுண்டு முழுக்க முழுக்க என் கை வேலை" என்றீர்கள். யாரோ கூட்டத்திலிருந்து என்னைக் காட்டி, அவங்க செய்யலையா என்று கேட்டார். அதற்குத்தான் நீங்கள் அந்த ஸ்க்ரூ பதிலைச் சொன்னீர்கள். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். கழுத்து வலியோடு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

வீட்டை விட்டுப் போகச் சொன்னது அதற்காகத்தான். வக்கீலிடம் வேறு காரணங்கள் எழுதிக்கொடுத்தேன், இதை எழுதினால் கோர்ட்டில் சிரிப்பார்கள் என்பதால்.

இந்த முறை மைதானம் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அன்று ஒரு வருஷத்துத் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்குவேன். கழற்றச் சொல்லிவிட்டேன். பிறகு சொல்லவில்லை என்று சொல்லக் கூடாது.

வாண்டுவின் அம்மா


ஜூன் 22, ஞாயிறு

வாண்டுவின் அம்மாவுக்கு,

முன் வரிசையில் உட்கார். தாராளமாக உட்கார். காதுக்குப் பஞ்சு எடுத்து வா.

உன் வயிற்றெரிச்சலுக்கு நேற்று நல்ல பதில் கிடைத்தது. வாண்டுவை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே நீளச் சாலையில் போய் வந்தேன். வழி முழுக்கப் பாட்டு. ஒரு இடத்திலும் அணையவில்லை, ஒரு இடத்திலும் இருமவில்லை. பெட்ரோல் பங்கில் நின்றபோது பக்கத்து லாரிக்காரர் இறங்கி வந்து எங்கே செய்தது என்று விசாரித்தார். எங்கேயும் இல்லை, வீட்டு வாசலில் நானே மாட்டியது என்றேன்.

வாண்டு பின் சீட்டில் உட்கார்ந்து, முன் சீட்டுக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு தாளம் போட்டாள். அவளுக்கு என் காது. அதில் உன் பங்கு எதுவும் இல்லை. போட்டியன்று வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டை ஆரம்பிக்கிற பொத்தானை அவள்தான் அழுத்தப்போகிறாள். வாக்குக் கொடுத்துவிட்டேன். சந்தோஷத்தில் குதிக்கிறாள்.

நான் எதைச் செய்தாலும் அதில் ஒரு கோணல் கண்டுபிடிப்பாய். சோற்றுக் குக்கரின் மூடியைக்கூட நான் மூடிய பிறகு ஒரு முறை திருப்பிப் பார்ப்பாய். மேடையில் நான் சொன்னதை மட்டும் எழுதுகிறாய். அத்தனை வருஷம் நான் எதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றேன் என்று எழுது பார்க்கலாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று நீ சொல்லியிருந்தால் நான் அந்த மைக்கில் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்.

வாண்டுவின் அப்பா


ஜூன் 23, திங்கள்

வாண்டுவின் அப்பாவுக்கு,

சனிக்கிழமை வரை பொறுக்க முடியாததால் கூரியரில் அனுப்புகிறேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். உள்ளே காவலுக்கு இருந்த டெசிபல் கதவுச் சங்கிலியைக்கூட எடுக்காமல், நீங்கள் டயர் விற்க வெளியூர் போயிருப்பதாகவும் புதனன்று வருவீர்கள் என்றும் சொன்னார். சொல்ல வந்ததை அவரிடம் சொன்னேன். சரிங்க சரிங்க என்று தலையாட்டினார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, உங்களிடம் அதை எப்படித் திரித்துச் சொல்வார் என்று.

நேற்று வாண்டு வந்ததும் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அப்பா வண்டியில முன்சீட்டுக்கு அடியில கால வெச்சா சுடுது. இஸ்திரி போடுற எடத்துல வர்ற மாதிரி வாசன வருது." ஷூவை வாங்கிப் பார்த்தேன். முனையில் ரப்பர் இளகிப் பளபளவென்று இருக்கிறது.

சூடு ஏறினால் ஆம்ப்ளிஃபையர் தன்னைக் காத்துக்கொள்ளும், அது அணைந்துவிடும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த வாசனை ஆம்ப்ளிஃபையருடையது இல்லை. வயர்த் தோலின் வாசனை. சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது இரும்புத் தடம் வயரை அறுத்துக்கொண்டிருக்கிறது. தோல் போய் உள்ளிருக்கும் செம்பு இரும்பில் பட்டால் பாட்டரியின் மொத்த பலமும் அந்த வழியாகப் பாயும். ஃபியூஸை நீங்கள் வயரின் அந்தக் கடைசியில், ஆம்ப்ளிஃபையர் பக்கம் வைத்திருக்கிறீர்கள். நடுவில் எதுவும் அதைத் தடுக்காது. முதலில் கம்பளம் பிடிக்கும், பிறகு சீட்.

இதுவரை உங்களுக்கு நான் எழுதியது அத்தனையும் உண்மை. உண்மையைச் சொன்னால் அதற்கு நேரெதிராகச் செய்வீர்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். மேடையில் அணையட்டும், நாலு பேர் சிரிக்கட்டும் என்பது என் எண்ணம். என் பிள்ளையின் கால் அங்கே போகும் என்று நினைக்கவில்லை. தயவுசெய்து கழற்றுங்கள். இதைக் கெஞ்சலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வாண்டுவின் அம்மா


ஜூன் 25, புதன்

வாண்டுவின் அம்மாவுக்கு,

ஊரிலிருந்து வந்ததும் உன் கூரியர். அதற்கு முன்னால் டெசிபல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வாசலில் வந்து நின்று, போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று சத்தம் போட்டாயாமே.

உன்னைச் சும்மா சொல்லக் கூடாது. முதலில் உண்மை, பிறகு அந்த உண்மை ஒரு தந்திரம், இப்போது தந்திரம் செய்ததும் உண்மை. இதைப் படித்து முடிக்க எனக்கே ஒரு டீ தேவைப்பட்டது. போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, முன் சீட்டைப் பிரித்து எல்லாவற்றையும் கழற்று என்கிறாய். கழற்றினால் மறுபடி மாட்ட நேரம் போதாது. உனக்கு வேண்டியதும் அதுதான். அதற்குப் பிள்ளையின் ஷூவைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாய் பார், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வெயிலில் நின்ற வண்டியில் எல்லாமே சுடும். அந்த ஷூ வாங்கியபோதே மட்டமான ஷூ.

சனிக்கிழமை வழக்கம்போல வருவேன். வாண்டுவை அனுப்பி வை. அனுப்பாவிட்டால் என் வக்கீல் அடுத்த வாரமே கோர்ட்டில் சொல்லிவிடுவார். பிறகு பிள்ளை யாரிடம் இருப்பது என்று அவர்கள் புதிதாக யோசிப்பார்கள். இது மிரட்டல் இல்லை. நீயும் உண்மையை எழுதுகிறாய், நானும் உண்மையை எழுதுகிறேன்.

வாண்டுவின் அப்பா


ஜூன் 27, வெள்ளி

அன்புள்ள வாண்டுவின் அப்பாவுக்கு,

வாண்டுவுக்குக் காய்ச்சல். டாக்டர் வெளியே கூட்டிப்போகக் கூடாது என்கிறார். இந்த வாரம் வரமாட்டாள், மன்னியுங்கள்.

நம் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். உங்கள் வண்டியின் உள்ளமைப்பைக் கடையில் ஒரு முறை காகிதத்தில் போட்டும் பார்த்தேன். நீங்கள் தேர்ந்த இடம்தான் சரி. நானாக இருந்தாலும் அங்கேதான் மாட்டியிருப்பேன். ஃபியூஸ் வைத்த இடமும் சாமர்த்தியமானது. பொறாமையால் ஏதேதோ எழுதிவிட்டேன். கை வேலையில் நீங்கள் எனக்கு ஒரு படி மேல்தான், ஒத்துக்கொள்கிறேன். மேடையில் அன்று நீங்கள் சொன்னதிலும் தப்பில்லை.

எதையும் தொடாதீர்கள். அப்படியே போட்டிக்குக் கொண்டு போங்கள். மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

இதை என் கையாலேயே உங்கள் வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன்.

வாழ்த்துகளுடன்,
வாண்டுவின் அம்மா


ஜூன் 29, ஞாயிறு

வாண்டுவின் அம்மாவுக்கு,

போட்டி நடந்துகொண்டிருக்கிறது. மைதானத்துச் சத்தம் இங்கே வீடு வரை கேட்கிறது. என் வண்டி வாசலில் நிற்கிறது. முன் சீட் கழன்று வராந்தாவில் கிடக்கிறது, நான் அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நேற்றுக் காலை பெட்டியிலிருந்து எடுத்தேன். 'அன்புள்ள' என்று இருந்தது. முகவரி மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். பிறகு படித்தேன். சாமர்த்தியம் என்கிறாய், ஒரு படி மேல் என்கிறாய், நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்கிறாய். கல்யாணமான நாளிலிருந்து உன் வாயிலிருந்து வராத வார்த்தை. நான் எத்தனை நாள் அதற்காகக் காத்திருந்தேன் என்று போன ஞாயிறு எழுதிய கடிதத்தில்தான் சொல்லியிருந்தேன். வந்ததும் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? இவள் என்னைப் பாராட்டுகிற அளவுக்கு அப்படி என்ன ஆகிவிட்டது என்று பயந்துபோய், சட்டைகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன்.

பாட்டரியைக் கழற்றிவிட்டு, சீட்டின் போல்ட்டுகளை எடுத்து, சீட்டைத் தூக்கினேன். நீ எழுதியபடியே இருந்தது. இரும்புத் தடத்தின் விளிம்பில் வயர் மாட்டிக்கொண்டு, ஒரு விரல் நீளத்துக்குத் தோல் சீவிப்போயிருந்தது. உள்ளே செம்பு பளிச்சென்று தெரிந்தது. அதற்கும் இரும்புக்கும் நடுவில் இருந்தது ஒரு நூல் இழை அளவு பிளாஸ்டிக். சீட்டை இன்னொரு முறை தள்ளியிருந்தால் அதுவும் இருந்திருக்காது. கம்பளத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கருகல். அது வாண்டு கால் வைக்கிற இடத்துக்கு நேராக இருந்தது.

அப்போது டெசிபல் வந்தான். வயரில் டேப் சுற்றிவிட்டுப் போட்டிக்குப் போகலாம் என்றான். நான் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டான். போகிற போக்கில் ஒன்று சொன்னான். உன் கடைப் பக்கமாகத்தான் வந்தானாம். வாசலில் வாண்டு கயிறு தாண்டிக்கொண்டிருந்தாளாம். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை.

நான் மேடை ஏறவில்லை. நீ முன் வரிசையில் உட்கார்ந்து ஏமாந்திருப்பாய், அல்லது சந்தோஷப்பட்டிருப்பாய். இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. பிள்ளையைப் பொய் சொல்லிப் பத்திரமாக உன்னிடமே வைத்துக்கொண்டாய். சரி. வண்டியில் மிச்சம் இருந்தது நான் மட்டும்தான். அப்புறம் எதற்காக அந்தக் கடிதத்தை எழுதினாய்? உன்னால் அந்த வார்த்தைகளை எழுதவே முடியாதே.

மேடையில் சொன்னதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

வாண்டுவின் அப்பா


ஜூலை 1, செவ்வாய்

வாண்டுவின் அப்பாவுக்கு,

முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் நம்பரை மூன்று முறை கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்கள். கழற்றிவிட்டீர்களா, வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டதா என்று தெரியாமல் அங்கிருந்து எழுந்து, உங்கள் தெரு வழியாக நடந்தேன். வராந்தாவில் சீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள். பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. 'நன்றாகச் செய்திருக்கிறீர்கள்' என்று எழுத மூன்று காகிதம் வீணானது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

எதற்கு எழுதினாய் என்கிறீர்கள். வாண்டுவைக் காய்ச்சல் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் என் வேலை முடிந்தது, உண்மைதான். எரிந்தால் உங்கள் வண்டி எரியட்டும், நீங்களும் கொஞ்சம் எரியுங்கள் என்று வியாழக்கிழமை பூராவும் நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்வானேன், நினைக்க இனிப்பாகத்தான் இருந்தது. சாயங்காலம் கடையைச் சாத்தும்போதுதான் வேறொன்று உறைத்தது. என் கழுத்து வலியோடு நான் கேட்டு நின்ற அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள இந்த உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும். அவர் அதே மேடையில், அதே மைக்கில், நான் கீழே நிற்கும்போது அதைச் சொல்ல வேண்டும். செத்துப்போனவர் மைக் பிடிக்க முடியாது. உங்கள் போட்டோவுக்கு முன்னால் நின்று, என் வீட்டுக்காரர் நல்லவர் என்று நாலு பேர் சொல்ல, நான் தலையாட்ட வேண்டியிருக்கும். அதை என்னால் சகிக்க முடியாது.

ஆகவே நீங்கள் இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்தாக வேண்டும். வேறு காரணம் எதுவும் இருப்பதாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

அடுத்த வருஷப் போட்டிக்குப் பேர் கொடுங்கள். வண்டியைக் கடைக்கு அனுப்புங்கள். புதுப் பலகை வெட்டி, பின் சீட் முதுகில் நானே மாட்டுகிறேன். வயரைப் புதிதாக இழுத்து, ஓட்டை வரும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் போட்டு, ஃபியூஸைப் பாட்டரி பக்கத்தில் வைக்கிறேன். நன்றாகத்தான் செய்வேன், பயப்பட வேண்டாம். நீங்கள் ஜெயித்தாக வேண்டும். தோற்றவருக்கு மைக் கொடுக்க மாட்டார்கள்.

சாவியை வாண்டுவிடம் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம்.

வாண்டுவின் அம்மா